பள்ளியில் திரை எழுக! திரையில் தமிழ் எழுக!

(ஆத்தங்குடியில் கூடிய தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

தரையிலே பூப் பூக்க வைத்த ஊர் ஆத்தங்குடி. இவ்வூர்த் தொழிலாளி ஒரு கண்ணாடித் தகட்டைக் கீழே கிடத்துகிறார். அதன்மேல் மாழையாலான அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமிட்டிக் குழம்பைக் கையால் வார்க்கிறார். அச்சை மெல்லத் தூக்கிவிட்டு, மணலும் சிமிட்டியும் கலந்த பொடியைத் தூவி, அதன்மேல் காரையிட்டு அமுக்கி மட்டஞ் செய்கிறார். பின்னர் அக்கல்லை நீரில் ஊறவைத்து உலர்த்துகிறார். அதற்குச் சூளையில்லை, நெருப்பில்லை, கைத்திறமும் நீரும் வெயிலுமே உண்டு. வேலை நடக்கும் நேரமெல்லாம் பூ முகங்குப்புறக் கிடக்கிறது. கண்ணாடி அகலும்போதுதான் அது கண் விழிக்கிறது. கண்ணாடியில் படிந்த வழவழப்பே அதன் மெருகு.

இத்தொழிலில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. முதலில் வார்த்ததே முகமாகிறது. பின்னர் இட்டதெல்லாம் முதுகாகிறது. முதலில் வார்த்த வண்ணம் பிழைபட்டால், பின்னர் எத்துணை நல்ல காரை இட்டாலும் பூ திருந்துவதில்லை.

பிள்ளையின் கண்ணும் அத்தகையதே. அதில் முதலில் வார்க்கப்பெறும் காட்சியே அதன் அறிவுக்கு முகமாகிறது. இற்றைத் தமிழ்ப் பிள்ளையின் கண்ணில் முதலில் வார்க்கப்பெறுவது எது? ஏடா? எழுத்தா? இல்லை, படம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே கைப்பேசியின் சிறு திரையைத் தள்ளித் தள்ளிப் பார்க்கக் கற்றுவிடுகிறது பிள்ளை. அத்திரையில் யார் எதை வார்க்கிறார்? எந்த மொழியில் வார்க்கிறார்? என்ன ஊதியங் கருதி வார்க்கிறார்? இவற்றைக் கேட்பார் இல்லை. படிக்கக் கற்றுக்கொடுக்கப் பள்ளி இருக்கிறது. பார்க்கக் கற்றுக்கொடுக்க என்ன இருக்கிறது? இவ்வினாவுக்கு விடையாக உலகத்தார் கண்ட ஒன்றே பள்ளித் திரைப்பட மன்றம். அதனைத் தாங்கிப் பிடிக்கும் பல கைகளின் கூட்டுறவே இவ்வுரையின் பொருள்.

இருவகை மன்றங்கள்

திரைப்பட மன்றம் என்றவுடன் தமிழகத்தில் பலர் முகம் சுளிப்பர். அதற்குக் கரணியம் உண்டு. தமிழகத்துத் தெருத்தோறும் ஒருவகை மன்றம் இருக்கிறது. அது நடிகர் பெயரால் அமைந்த சுவைஞர் மன்றம். அங்கே பாலூற்றுவர், கற்பூரம் காட்டுவர், ஒளிவிளக்குப் பலகையின் முன் ஆடுவர். நடிகரின் முகத்தை அறிவர். படத்தை எழுதியவர் யார், ஒளிப்பதிவு செய்தவர் யார், அதில் பொய்யெது மெய்யெது என்பன அறியார். அம்மன்றம் மண்டியிடக் கற்பிக்கிறது.

பள்ளித் திரைப்பட மன்றமோ நிமிர்ந்தமர்ந்து பார்க்கக் கற்பிப்பது. அங்கே ஒரு நல்ல படத்தைப் பிள்ளைகள் கூடியமர்ந்து முழுமையாகப் பார்க்கின்றனர். விளக்கு எரிந்த பின்னர் எழுந்தோடுவதில்லை. கண்டதைப் பேசுகின்றனர். இப்பெண் ஏன் அழுதாள்? அவளைக் காட்டாமல் அவள் நிழலை மட்டும் ஏன் காட்டினார்? இசை நின்ற இடத்தில் நெஞ்சு ஏன் துணுக்குற்றது? ஏழையை நகைப்புக்குரியவனாகக் காட்டியது முறையா? இவ்வாறு வினவி, மாறுபட்டு, பின்னர் எழுதுகின்றனர். பார்த்தல், பேசல், எழுதல் என்னும் மூன்றும் அமைந்ததே மன்றம். பார்த்தலோடு நின்றால் அது பொழுதுபோக்கே.

இதில் தமிழுக்கு என்ன ஊதியம் எனக் கேட்கலாம். தேர்வுத்தாளில் மனப்பாடத்தைக் கக்கும் பிள்ளை, தன் நெஞ்சில் பட்ட ஒன்றைத் தன் சொல்லால் சொல்ல வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இங்கேதான் எழுகிறது. அச்சொல் தமிழாக இருப்பின், தமிழ் பாடநூலிலிருந்து இறங்கிப் பிள்ளையின் நாவில் குடியேறும். ஆங்கிலமாக இருப்பின், உணர்ச்சியும் ஆங்கிலத்துக்கு அடகு போகும். எனவே இது பொழுதுபோக்குச் சிக்கல் அன்று, மொழிச் சிக்கல்.

ஒதுக்கியதால் விளைந்த கேடு

ஈண்டு ஓர் உண்மையைத் தனித்தமிழ் அன்பர்கள் நெஞ்சறிய ஒப்புக்கொள்ளல் வேண்டும். திரைப்படம் தமிழைக் கெடுத்தது என்பதில் ஐயமில்லை. 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் வெளிவந்த, தமிழின் முதற்பேசும்படமெனப் பெறும் 'காளிதாசு' படத்திலேயே தலைவி தமிழில் பேசினாள். தலைவன் தெலுங்கில் பேசினான். பிறக்கும்போதே கலப்போடு பிறந்த குழந்தை அது. பிற்காலத்தில் படப் பெயர்களே ஆங்கிலமாயின. 2006-ஆம் ஆண்டு தமிழக அரசு, தமிழ்ப் பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரியை விலக்கியது. அதன் பின்னரே பல படங்கள் தமிழ்ப் பெயர் தேடின. தாய்மொழியில் பெயர் வைக்கத் தாய்ப்பற்று போதாமல் வரிவிலக்கு வேண்டியிருந்த நிலையை எண்ணித் தலைகுனிதல் வேண்டும்.

ஆயினும், அக்கேட்டை எதிர்த்தோர் செய்தது என்ன? மேடையில் கண்டித்தனர், இதழில் கடிந்தனர், 'கூத்தாடிகள் தொழில்' என்று ஒதுங்கினர். ஒதுங்கியதால் திரைப்படம் திருந்தியதா? இல்லை. ஒதுங்கியவர் வீட்டுப் பிள்ளையும் அதே படத்தைப் பார்த்தது. அதே பாட்டை முணுமுணுத்தது. வேறுபாடு ஒன்றே: அப்பிள்ளை அதனைத் தந்தைக்கு மறைத்துப் பார்த்தது. தந்தையோடு அதைப் பற்றிப் பேசும் வாய்ப்பையும் இழந்தது. கெட்ட ஏட்டுக்கு மாற்று, ஏட்டையே ஒழிப்பதன்று. நல்ல ஏடும் நூலகமும் நல்லாசிரியரும் என்பதை அறிந்தவர்கள், படத்துக்கு மட்டும் அம்முறையை மறந்தது ஏன்? இவ்வினாவைப் பிறரிடம் கேட்கும் முன் தமிழியக்கங்கள் தம்மிடமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

பிற நாட்டார் கைகோத்த முறை

பள்ளித் திரைப்பட மன்றம் தனியொருவர் கையால் நிலைப்பதில்லை. ஆசிரியரிடம் ஆர்வம் இருக்கும், படம் இருக்காது. படமுடையாரிடம் படம் இருக்கும், பிள்ளை இருக்காது. அரசிடம் பொருள் இருக்கும், நேரம் இருக்காது. இவர்களை ஒன்றாக இணைக்கும் கூட்டுறவே மன்றத்துக்கு உயிர்.

பிரான்சு நாட்டில் 1989-இல் நடுநிலைப் பள்ளி மாணவர்க்கும், 1994-இல் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கும் திட்டங்கள் தொடங்கப்பெற்றன. கல்வித்துறை, பண்பாட்டுத்துறையின் திரைப்பட நடுவம், உள்ளாட்சிகள், ஊர்த் திரையரங்கு உரிமையாளர்கள் ஆகியோர் ஒப்பந்தமிட்டுக் கைகோத்தனர். பள்ளி நேரத்திலேயே ஆசிரியர் பிள்ளைகளைத் தம் ஊர்த் திரையரங்குக்கு அழைத்துச் சென்று, ஆண்டுக்குச் சில நல்ல படங்களைக் காட்டுவார். அவருக்கு முன்னரே பயிற்சியும் படவிளக்க ஏடும் தரப்பெறும். இதனால் பிள்ளைக்கு அறிவு. ஊர்த் திரையரங்குக்கு வாழ்வு. பிரெஞ்சுப் படத்துக்கு நாளைய பார்வையாளர். அமெரிக்கப் படவெள்ளத்தின் நடுவே தம் மொழிப்படத்தைக் காத்துக்கொள்ள அந்நாட்டார் பள்ளியிலேயே கரை கட்டினர் என்க.

பிரித்தானியாவில் பீபன் கிட்ரான் என்னும் பெண் இயக்குநரும் லிண்ட்சே மேக்கி என்னும் இதழாளரும் 2006-இல் பள்ளித் திரைப்பட மன்றப் பணியைத் தொடங்கினர். பள்ளி முடிந்த பின்னர் பிள்ளைகள் கூடிப் படம் பார்த்துத் திறனாய்வு எழுதினர். படங்கள் பள்ளிகளுக்கு விலையின்றி அனுப்பப்பெற்றன. 2013-இல் இப்பணி, இளைஞர் படமெடுக்க உதவிய மற்றோர் அமைப்போடு இணைக்கப்பெற்றுப் பெரிதாயிற்று. பரிசுச்சீட்டு வருவாயிலிருந்து பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் பொருள் தந்தது. படத்தொழிலாரும் தம் பங்கைத் தந்தனர்.

ஈரான் நாட்டின் வரலாறு இன்னும் எண்ணத்தக்கது. அங்கே 1965-இல் சிறுவர்க்கென ஓர் அறிவு வளர்ச்சி நிறுவனம் தோன்றியது. முதலில் அது நூலகங்களைத் திறந்தது. பின்னர்ப் படப்பிரிவையும் தொடங்கியது. அப்பாசு கியாரொசுத்தமி தம் முதற் குறும்படத்தை 1970-இல் அந்நிறுவனத்துக்காகவே எடுத்தார். நண்பனின் ஏட்டைத் திருப்பித்தர ஊரூராய் ஓடும் சிறுவனைப் பற்றிய அவருடைய 1987-ஆம் ஆண்டுப் படமும், ஒரே இணைக் காலணியை மாறிமாறி அணிந்து பள்ளி செல்லும் அண்ணன் தங்கையைப் பற்றிய மச்சீத் மச்சீதியின் 1997-ஆம் ஆண்டுப் படமும் அந்நிறுவனம் ஈன்றவையே. அவற்றில் ஆங்கிலம் இல்லை, ஆடல் இல்லை, சண்டை இல்லை. பாரசீகப் பிள்ளைகள் பாரசீகத்தில் பேசினர், உலகம் செவிமடுத்தது. தன் மொழியில் நின்றவனையே உலகம் மதிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நடுவண் அரசு செய்ததும் செய்யாததும்

இந்தியாவில் 1955-இல் நேரு காலத்தில் சிறுவர் திரைப்படக் கழகம் நிறுவப்பெற்றது. அதன் முதற்படம் கேதார் சர்மா இயக்கிய 'சல்தீப்' 1956-இல் இந்தியில் வந்தது. பின்னரும் அக்கழகத்தின் படங்களில் இந்திக்கே பெரும்பங்கு. ஏனைய மொழிகளுக்குப் பந்தியின் கடையிடம். 2022-இல் அக்கழகம் நடுவண் அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பெற்றுத் தன் தனிப்பெயரையும் இழந்தது. ஒரே வீட்டில் அடுப்பெரித்து எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சுவையில் சோறிடும் முறை மொழியினங்களுக்குப் பொருந்தாது. தமிழ்ப் பிள்ளைக்குரிய படத்தைத் தமிழகமே ஆக்கல் வேண்டும்.

தமிழிலும் நல்விதைகள் இல்லாமலில்லை. தோழியின் குறை தீர்க்க நீலக்கல் தேடிக் காட்டில் அலையும் சிறுமியைக் காட்டிய 'மல்லி' 1998-இல் வந்தது. ஊரைவிட்டு நகரத்து வீட்டு வேலைக்கு அனுப்பப்பெற்ற சிறுமியின் துயரைக் காட்டிய 'குட்டி' 2001-இல் வந்தது. சென்னைக் குடிசைச் சிறுவர் இருவரின் ஏக்கத்தின் வழியே வணிகத்தின் முகத்தைக் காட்டிய 'காக்கா முட்டை' இந்திய அரசின் சிறந்த சிறுவர் பட விருதைப் பெற்றது. ஆண்டுதோறும் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை ஈனும் தமிழ்த்திரையில் சிறுவர்க்குரியவை விரல்விட்டு எண்ணத்தக்கன என்பதே வருந்தத்தக்கது. பார்க்கப் பள்ளிகள் முன்வந்தால், படைக்கக் கலைஞர் முன்வருவர்.

தமிழக அரசின் முயற்சி

திருவள்ளுவர் ஆண்டு 2053-இல், அதாவது 2022-இல், தமிழகப் பள்ளிக் கல்வித்துறை அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்குத் திங்கள்தோறும் ஒரு படம் காட்டும் திட்டத்தைச் 'சிறார் திரைப்பட விழா' என்னும் பெயரால் தொடங்கியது. படத்தை ஆசிரியர் முன்னரே பார்த்தல், காட்டிய பின்னர்க் கலந்துரையாடல், பிள்ளைகள் திறனாய்வு எழுதல், சிறந்தோரைப் பள்ளியிலிருந்து மாநிலம் வரை படிப்படியாகத் தேர்தல் என அது வகுக்கப்பெற்றது. ஆல்பர்ட் லமொரிசு என்னும் பிரெஞ்சு இயக்குநர் 1956-இல் எடுத்த, அரைமணி நேரத்தைச் சற்றே கடக்கும் 'சிவப்பு பலூன்' படம் தமிழகச் சிற்றூர்ப் பள்ளிகளில் ஓடியது. பேச்சே அருகிய அப்படத்தைப் பார்க்க எம்மொழியும் தடையாகவில்லை.

இது போற்றத்தக்க முயற்சி. போற்றத்தக்கதைப் போற்றிவிட்டு, வேண்டுவதையும் கேட்டல் கடன். பேச்சில்லாப் படம் எத்தனை நாள் கிடைக்கும்? பேசும் அயல்மொழிப் படம் வரும்போது, அடியில் ஆங்கில எழுத்தோடு வந்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளை எதைப் பார்க்கும்? எழுத்தைப் பார்த்தால் படம் ஓடிவிடும்; படத்தைப் பார்த்தால் பொருள் ஓடிவிடும். அதனினும் கேடு, 'ஆங்கிலம் தெரிந்தவனுக்கே உலகம்' என்னும் தாழ்வு அப்பிள்ளையின் நெஞ்சில் முதல் வார்ப்பாக விழுந்துவிடும். பள்ளியில் காட்டும் ஒவ்வோர் அயற்படமும் தமிழ்க் குரலோடு, குறைந்த அளவு தமிழ் எழுத்தோடு வருதல் வேண்டும். இது இரந்து கேட்பதன்று, உரிமை.

இரண்டாவது, பள்ளிக்குப் பொருள் தரும் கூட்டுறவு. 2022-ஆம் ஆண்டு இறுதியில் தமிழக அரசு, முன்னாள் மாணவரும் தொழில் நிறுவனங்களும் ஊராரும் அரசுப் பள்ளிகளுக்கு உதவும் திட்டமொன்றைத் தொடங்கியது. நோக்கம் நன்று. பெயர் என்ன? 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி'! பள்ளி என்னும் பழந்தமிழ்ச் சொல் வாயிலில் காத்து நிற்க, ஆங்கிலச் சொல் முந்திப்போய்த் திண்ணையில் அமர்ந்துகொண்டது. பிள்ளைக்குக் கற்பிக்கும் இடத்தின் பெயரிலேயே இக்கலப்பு என்றால், அவ்வழியே வரும் திரையில் என்ன மொழி வரும் என்று அஞ்சுவது தவறாமோ?

செட்டிநாட்டின் கடனும் உரிமையும்

இதனை ஆத்தங்குடியில் பேசுவதற்குத் தனிக் கரணியம் உண்டு. திரைக்குத் தமிழ்க் குரல் கொடுத்த வரலாற்றில் செட்டிநாட்டு மண்ணுக்கு முதன்மையான பங்குண்டு.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1911-இல் பிறந்தவர் ஏ.கே. செட்டியார். அவர் தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றார். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் கப்பலில் செல்லும்போது காந்தியடிகளைப் பற்றி ஓர் உண்மைப்படம் எடுக்க எண்ணினார். எண்ணியபோது அவர் இளைஞர். பல நாடுகளுக்கு அலைந்து, பலர் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடி, ஐம்பதாயிரம் அடி திரட்டி, அதனைப் பன்னீராயிரம் அடியாகச் சுருக்கி 1940-இல் வெளியிட்டார். அயலார் ஆட்சியில், போர்க்காலத்தில் அப்படம் வெளிவந்தது. காந்தியடிகளின் வாழ்வைச் சொன்ன அம்முழுநீள உண்மைப்படம் முதலில் பேசிய மொழி எது? குசராத்தியா? இந்தியா? ஆங்கிலமா? இல்லை, தமிழ். பின்னரே பிறமொழிகளில் வந்தது. உலகத்துச் செய்தியைத் தமிழில் முதலில் சொல்ல முடியும் என்று காட்டியவர் இம்மண்ணின் மைந்தர்.

காரைக்குடியில் பிறந்த மற்றொருவர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். அவர் கன்னடத்தில் எடுக்கப்பெற்ற அரிச்சந்திரன் கதைப் படத்துக்குத் தமிழ்க் குரல் பொருத்தி 1944-இல் வெளியிட்டார். இந்தியத் திரை வரலாற்றில் குரல்மாற்றப் படத்தின் தொடக்கமாக அது குறிக்கப்பெறுகிறது. அதன்பின் காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டைச் சாலையில் கீற்றுக் கொட்டகைகளை எழுப்பி, அவற்றிலேயே 1947-இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தை எடுத்தார். 1948-இல்தான் அவருடைய படநிலையம் சென்னைக்குப் பெயர்ந்தது. வேற்றுமொழிப் படத்துக்குத் தமிழ் நாவை வைக்க 1944-இல் முடிந்தது. கணிப்பொறியும் கைப்பேசியும் மலிந்த இக்காலத்தில் பள்ளிப் பிள்ளைக்காக அதைச் செய்ய முடியாது என்றால் யார் நம்புவார்?

கூட்டுறவுக்கும் இம்மண் புதிதன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலக்கம் உருபாவும் தந்ததால் அன்றோ, மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் எழுந்தது? தனியார் கொடையும் அரசின் அறிவும் கூடியதன் விளைவு அது, 1953-இல் திறக்கப்பெற்றது. அவ்வாய்வகத்துக்கு வேண்டிய பொருளோடு ஒப்பிட்டால், ஒரு பள்ளித் திரைப்பட மன்றத்துக்கு வேண்டுவது உப்புக்கும் புளிக்கும் ஆகும் செலவே.

ஊரார் செய்ய வேண்டுவன

பள்ளியில் ஒரு சுவரும், ஒரு படவீழ்த்தியும், ஓர் ஒலிப்பெட்டியும் இருந்தால் மன்றம் தொடங்கலாம். பல பள்ளிகளில் அரசு அமைத்த உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களே உள்ளன. இல்லாத பள்ளிக்கு ஊரார் வாங்கித் தரலாம். கருவியைவிட அரியது ஒழுங்கான கூட்டுறவு. அதில் ஐந்து கைகள் சேர்தல் வேண்டும்.

முதற்கை ஆசிரியர். படத்தை முன்னரே பார்த்து, பேசத்தக்க வினாக்களைக் குறித்து வைப்பவர் அவரே. அவரைத் தனியே விட்டுவிட்டு ஊர் உறங்கலாகாது.

இரண்டாங்கை பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின்படி அமைந்து, தமிழகத்தில் 2022-இல் இருபதின்மர் கொண்டதாய்ப் புதுக்கப்பெற்ற அக்குழுவில் பெற்றோரே பெரும்பாலார். திங்களுக்கு ஒரு மாலையை மன்றத்துக்கென ஒதுக்குவதும், பெண்பிள்ளைகள் இறுதிவரை இருந்து பார்த்து, வீடு சேரத் துணையமைப்பதும் அவர்கள் பொறுப்பு.

மூன்றாங்கை வெளியூரும் வெளிநாடும் சென்ற ஊர்மக்கள். முன்னோர் பருமாவுக்கும் மலையாவுக்கும் இலங்கைக்கும் சென்று ஈட்டிய பொருளில் கோயிலும் குளமும் பள்ளியும் எடுத்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் ஆண்டுக்கு ஒருமுறை வந்து பூட்டிய வீட்டைத் திறந்து பார்த்துச் செல்கின்றனர். அவ்வீடுகளின் முற்றங்களில் படப்பிடிப்புக் குழுவினர் வந்து விளக்கேற்றுகின்றனர். ஊர்ப்பிள்ளைகள் வாயிலில் நின்று எட்டிப் பார்க்கின்றனர். எட்டிப் பார்க்கும் அப்பிள்ளையை உள்ளே அழைத்து, 'இது படக்கருவி, இது ஒளி, இது இவ்வாறு பொய்யை மெய்போல் காட்டும்' என்று சொல்லித் தருவதற்கு ஒரு வழி செய்தால், அதுவே அவர்கள் செய்யும் பெருங்கொடை.

நான்காங்கை தொழிலாளர். ஆத்தங்குடிக் கல்லை வார்க்கும் கைகளுக்கு வண்ணமும் வடிவும் எவ்வாறு சேர்கின்றன என்பது தெரியும். ஒரு நாள் அவர்கள் மன்றத்தில் வந்து பேசட்டும். பிள்ளைகள் அவர்கள் தொழிலைக் கைப்பேசியிலேயே படமாக்கட்டும்; தமிழில் உரை எழுதித் தம் குரலிலேயே பேசட்டும். தந்தையின் தொழிலைத் திரையில் பார்க்கும் பிள்ளை அத்தொழிலைத் தாழ்வென்று எண்ணாது. அப்படம் அரங்கேறும் நாளே அம்மன்றத்தின் திருநாள்.

ஐந்தாங்கை தமிழமைப்புகள். ஒதுங்கி நின்ற காலம் போதும். அயற்படத்துக்குத் தமிழ் உரையாடல் எழுதித் தருதல், பிள்ளைகள் பேசத் தகுந்த கலைச்சொல் தருதல் ஆகியவை அவர்கள் கடன். முகத்தை நெருங்கிக் காட்டுவது அண்மைக் காட்சி; விலகி நின்று காட்டுவது சேய்மைக் காட்சி; துண்டுகளை வெட்டி ஒட்டிக் கோப்பது படத்தொகுப்பு; காணாமல் கேட்கும் குரல் பின்னணிக் குரல். இவற்றைப் பிள்ளைகள் நான்கு நாளில் பழகிவிடுவர். தமிழில் சொல்லில்லை என்பார் பிள்ளைகள் அல்லர், பெரியவர்களே.

காவல் வேண்டும் இடங்கள்

கூட்டுறவு என்பது விற்பனை அன்று. பொருள் தந்தவர் தம் கடைப்பெயரைப் படத்தின் முன் ஓட்டக் கேட்பர். நடிகர் மன்றத்தார் படவீழ்த்தியைத் தந்து தம் தலைவரின் படத்தைச் சுவரில் மாட்டக் கேட்பர். கட்சிக்காரர் கொடியோடு வருவர். கொடுத்த கை மேலே இருக்கலாம். பிள்ளையின் தலை கீழே குனியலாகாது. தருவோர் பெயரைப் பள்ளிக் கணக்கேட்டில் எழுதி நன்றி சொல்லலாம்; திரையில் எழுதலாகாது. எந்தப் படம் என்பதை ஆசிரியரும் பிள்ளைகளும் தேர்வரேயன்றிப் பொருள் தந்தவர் தேர்தல் கூடாது. இக்கட்டுப்பாட்டை ஏலாத உதவியை மறுத்துவிட்டு, வெள்ளைச் சுவரும் கடன் வாங்கிய கருவியுமாக மன்றத்தை நடத்துவதே மானமுடைமை.

மற்றொன்றும் நினைவில் நிற்றல் வேண்டும். ஊரூராய்க் கூடாரம் அடித்துப் படங்காட்டிய பழங்காலத்திலேயே தரைச்சீட்டு, விசிப்பலகைச் சீட்டு, நாற்காலிச் சீட்டு என்று பிரித்துவிட்டனர். ஊருக்கு வெளியே குடியிருந்தவனுக்கு மணல்தரையும், பணமுடையவனுக்கு நாற்காலியும் கிடைத்தன. பள்ளித் திரைப்பட மன்றத்தில் எல்லாப் பிள்ளையும் ஒரே தரையில் அமரும். எச்சாதிப் பிள்ளையும் எழுந்து, 'இப்படம் எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால்...' என்று சொல்லும். அந்த 'ஏனென்றால்' என்னும் ஒரு சொல்லுக்காகவே இத்தனை முயற்சியும் என்க. காரணம் கேட்கத் தெரிந்த பிள்ளையைச் சாதித் தலைவனும் ஏய்க்க முடியாது. திரைத் தலைவனும் ஏய்க்க முடியாது. தமிழைத் தாழ்த்துவோனும் ஏய்க்க முடியாது.

பெருமக்களே! கண்ணாடியின்மேல் வண்ணம் வார்க்கும் தொழிலாளி தம் கைக்குள் அடங்கும் நேரத்தில் வார்த்து முடிக்கிறார். குழம்பு இறுகிவிட்டால் எக்கையும் அதைத் திருத்த முடியாது என்பது அவருக்குத் தெரியும். பிள்ளையின் பருவமும் இறுகிக்கொண்டே இருக்கிறது. ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை நான்காண்டில் ஒன்பதாம் வகுப்பைக் கடந்துவிடும். அரசு ஆணை வரட்டும், நிதி வரட்டும், நல்ல நாள் வரட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் வேறு யாரோ வேறு வண்ணத்தை வார்த்து முடித்திருப்பர்.

ஆகவே, அடுத்த திங்களே ஒரு மாலையில், ஒரு வகுப்பறையில், ஒரு படத்தோடு தொடங்குக! பத்துப் பிள்ளைகள் வந்தாலும் போதும். படம் முடிந்ததும் விளக்கை ஏற்றி, ஒரு வினாவைத் தமிழில் கேளுங்கள். விடை தமிழில் வரும்.

பள்ளியில் திரை எழுக! திரையில் தமிழ் எழுக! தமிழ்ப் பிள்ளையின் கண் விழிக்க!